பெரிய டயரும் பெரிய காரியமும்

1

அக்கா இறந்தது திங்கட்கிழமை விடியற்காலை. எங்களுக்குப் போன் வந்தது ஞாயிற்றுக்கிழமை மாலை. நான் கிழமையை மாற்றி எழுதிவிடவில்லை. கருமத்தம்பட்டியில் திங்கள் விடிகிற நேரத்தில், கனடாவின் மேற்கே நாங்கள் குடியிருக்கும் இந்தச் சிறிய ஊரில் முந்தைய நாளின் பொழுதே இன்னும் சாய்ந்து முடிந்திருக்காது.

நாள் கிழமையை நான் சற்று அதிகமாகவே பிடித்துக்கொள்பவன். எங்கள் சமையலறையில் இரண்டு காலண்டர்கள் தொங்குகின்றன. ஒன்று இங்குள்ள பல் மருத்துவர் கொடுத்தது. மற்றது கோவையிலிருந்து வரவழைக்கும் தினசரிக் காலண்டர். அங்கே விடியும்போது, அதாவது இங்கே மாலையில், அதன் தாளைக் கிழிப்பேன். "நாளைக்கு வர்ற நாளுக்கு என்ன அவசரமுங்க, இன்னைக்கே கிழிச்சுப்போட்டீங்க" என்று என் மனைவி மலர் கேலி செய்வாள். போன கார்த்திகையிலிருந்து அவள் அந்தக் கேலியைச் செய்வதில்லை.

இப்போது எழுத உட்கார்ந்ததற்கு இரண்டு காரணங்கள். கார்த்திகைத் தீபத்துக்கு முந்தைய வாரம் அக்காவுக்கு வருஷம் திரும்பியது. அதே வாரம் எங்கள் கார், வீட்டுக்கு ஏறும் சரிவில், உருகி மறுபடி உறைந்த பனிச்சேற்றில் சிக்கிக்கொண்டது. இரண்டுக்கும் சம்பந்தம் உண்டு.

2

எங்களுடையது மின்சாரக் கார். காருக்கும் ஜீப்புக்கும் நடுவே கிராஸ்ஓவர் என்று ஒரு வகை சொல்கிறார்களே, அது. பார்க்கத்தான் ஜீப்பின் சாயல். வயிறு தரையிலிருந்து அதிகம் உயர்ந்தது அல்ல. பிரதான சாலையிலிருந்து எங்கள் வீட்டுக்கு வருவது சரளைக் கல் பாதை, அதிலும் கடைசியில் ஒரு மேடு.

அக்கா இறந்ததற்கு முந்தைய குளிர்காலத்தில் ஒருநாள், மரக்கூழ் ஆலையில் என் ஷிப்ட் முடிந்து வரும்போது அந்த மேட்டில் கார் சிக்கியது. சக்கரங்கள் சுற்றின, வண்டி நகரவில்லை. கையுறையை ஆலையில் மறந்துவிட்டிருந்தேன். நடந்து வீடு சேர்வதற்குள் இரண்டு விரல் நுனிகள் சுண்ணாம்பு பூசியதுபோல் வெளுத்துவிட்டன. மலர் இங்கே மருத்துவமனையில் நர்ஸ். பதறாமல் வெதுவெதுப்பான நீரில் என் கையை முக்கி வைத்தாள். உணர்ச்சி திரும்பும்போது வந்த வலியில் நான் கத்தியதை எங்கள் ஒரே மகன் கவின் கதவருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தான். வாகன மெக்கானிக் படிப்பில் இருந்தான்.

அடுத்த இலையுதிர்காலத்தில் வீட்டு வாசலில் பெட்டிகள் வந்து இறங்கின. பகுதிநேர வேலையில் சேர்த்ததில் வாங்கியிருக்கிறான். முதலில் ஸ்பிரிங்குகளின் தலையில் ஸ்பேசர் என்கிற தடித்த வளையங்களைப் பொருத்தி, காரை மூன்று விரற்கடை உயர்த்தினான். பிறகு டயர்கள். பழையதைவிட விட்டமும் அகலமும் கூடியவை. கட்டை கட்டையாகப் பல்வைத்த, எந்தத் தரையிலும் ஓடும் ஆல்-டெரெய்ன் டயர்கள். மாட்டிவிட்டு ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பியபோது டயர் உள் மறைப்பில் உரசியது. சூடான காற்றை ஊதி அந்த பிளாஸ்டிக்கை இளக்கி, அமுக்கி, மிச்சத்தைக் கத்தியால் சீவினான். பீளமேட்டில் மெக்கானிக்கல் படித்து, பாதி ஆயுளை ஆலைப் பராமரிப்பில் கழித்த நான் டார்ச் லைட் பிடித்துக்கொண்டிருந்தேன். நட்டுகளை வட்டமாக முடுக்காமல் எதிரெதிராக முடுக்கினான். நான் அப்படித்தான் செய்வேன். சொல்லிக்கொடுத்ததில்லை.

"இனிமே நீங்க ஸ்டக் ஆக மாட்டீங்கப்பா" என்றான்.

விலை இல்லாமல் எதுவும் வருவதில்லை. டயரின் கனமும் கரடும் பேட்டரியைத் தின்னும். ஒரு சார்ஜில் போகும் தூரம் நன்றாகவே குறையும். குளிரில் இன்னும் மோசம். இன்னொன்றும் உண்டு. கார் தான் போன தூரத்தைச் சக்கரம் சுற்றிய சுற்றுகளை வைத்துத்தான் அறிகிறது. சக்கரம் பெரிதாகிவிட்டால், போன தூரத்தைவிடக் குறைவாகவே போனதாக நினைத்துக்கொள்ளும். இது கவினுக்கும் எனக்கும் தெரியும். காருக்குத் தெரியாது.

3

இங்கே வண்டியில் எதை மாற்றினாலும் காப்பீட்டுக்காரர்களுக்குச் சொல்லியாக வேண்டும். சொல்லாமல் விட்டு விபத்து நடந்தால் கைவிரித்துவிடுவார்கள். நான் போன் செய்து, அந்தப் பெண்ணிடம் என் ஆங்கிலத்தில் நிதானமாகச் சொன்னேன்: என் கார் லிஃப்ட் செய்யப்பட்டிருக்கிறது, செய்தது என் மகன்.

அவள் மிகுந்த பரிவோடு, "போலீசில் புகார் கொடுத்துவிட்டீர்களா?" என்று கேட்டாள்.

நான் விழித்தேன். "புகார் எதற்கு? கார் வீட்டில்தான் நிற்கிறது" என்றேன். "திருப்பிக் கொண்டுவந்துவிட்டாரா?" என்றாள். சோபாவில் படுத்திருந்த கவின் தலையணையால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினான். கடைசியில் போனை வாங்கி, உயர்த்துவதற்கும் திருடுவதற்கும் ஆங்கிலத்தில் ஒரே சொல் என்பதை அவளுக்கும் எனக்கும் சேர்த்து விளக்கினான். படங்கள் கேட்டார்கள், அனுப்பினோம். டயரின் அளவு கேட்டார்கள். கரடுமுரடான பந்தயங்களில் ஓட்டுவீர்களா என்று ஒரு கேள்வி. வீட்டுக்கு ஏறுவதற்கு என்று எழுதினேன்.

அதன்பின் பல நாள், வீட்டுக்கு யார் வந்தாலும் கவின் என்னைக் காட்டி, "எங்கப்பா என்னைப் புடிச்சுக் குடுத்துட்டாரு" என்று தமிழில் சொல்லிச் சிரிப்பான். அவன் தமிழ் அப்போது அந்த அளவுக்கு இருந்தது. கேலி செய்யப் போதுமானதாக.

4

அக்காவின் பெயர் சரஸ்வதி. சென்னிமலைப் பக்கத்தில் பிறந்த வீடு; கருமத்தம்பட்டியில் வாழ்க்கைப்பட்டவள். மச்சான் வேலுச்சாமி விசைத்தறி ஓட்டுபவர். தறிச் சத்தத்துக்கு மேலே பேசிப் பேசி அக்காவுக்குக் குரல் எப்போதும் உச்சத்தில் இருக்கும். வீடியோவில் கூப்பிட்டாலும் அப்படியே.

புதிய டயர்களைக் கவின் அவளுக்குக் காட்டினான்.

"ஏங்கண்ணு, காருக்குப் போயி டிராக்டர் டயர மாட்டிப்போட்டியா?"

"டிராக்டர் இல்ல அத்தை. ஆல்-டெரெய்ன்."

"என்ன ரெயினோ. உங்கம்மா ஏறி எறங்க ஏணி வேணுமாட்ட இருக்குது. செரி, எலுமிச்சங்காய் வெச்சு ஏத்துனியா?"

வைக்கவில்லை. அவள் விடவில்லை. மலர் குளிர்பெட்டியில் இருந்த நாலு காய்களைக் கொண்டுவந்தாள். கவின் போனை என்னிடம் கொடுத்துவிட்டு, சக்கரத்துக்கு ஒன்றாக வைத்தான். வெளியே நல்ல குளிர். கார்க் கண்ணாடியில் படிந்த உறைபனியைச் சுரண்டி முடிப்பதற்குள் காய்கள் விறைத்துவிட்டன. ஏறும்போது மூன்று நசுங்கின. ஒன்று டயரின் பல்லில் அகப்பட்டு, நசுங்காமல் எகிறித் தோட்டத்துப் பனியில் போய் விழுந்தது.

"அந்தா ஓடுது புடி!" என்று கருமத்தம்பட்டியிலிருந்து அக்கா கத்தினாள். எல்லோரும் சிரித்தோம். அப்போதுதான் அவள் தன் மகள் நித்யாவுக்கு வரன் பார்ப்பதைச் சொன்னாள். "செட் ஆயிருமாட்டத் தெரியுது. முடிஞ்சா மொதல்ல உனக்குத்தான்டா கண்ணு போன். நீதான் மொறமாமன் ஊட்டுப் பையன், வந்து நிக்கோணும்" என்று கவினிடம் சொன்னாள். அவன் சரி சரி என்று தலையாட்டினான்.

5

அந்த ஞாயிறு மாலை நான் ஆலையில் இருந்தேன். எந்திரங்களுக்கு நடுவே போன் அனுமதி இல்லை. பெட்டியில் பூட்டிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். என்னை எட்ட முடியாமல் மச்சான் கவினைக் கூப்பிட்டிருக்கிறார். அவன் நண்பனோடு மலைப்பாதையில் டயர்களைச் சோதித்துக்கொண்டிருந்தான். அவர்கள் பேசியதை இருவரிடமும் பின்னால் தனித்தனியாகக் கேட்டு அறிந்தேன். ஒரு சொல்லைத் தவிர இரண்டும் ஒத்துப்போகின்றன.

"கண்ணு, அப்பா இல்லீங்களா?"

"வேலைல இருக்காங்க மாமா."

"வந்தா சொல்லீருங்க கண்ணு. இங்க பெரிய காரியமாயிப் போச்சு."

நம் பக்கத்தில் யாருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. சாவு என்ற சொல்லை வாயில் எடுக்க மாட்டோம். அதிலும் பெண்டாட்டியைப் பறிகொடுத்து ஒரு மணி நேரம் ஆகாதவர் எப்படி எடுப்பார்? கவினுக்குப் 'பெரிய' தெரியும். 'காரியம்' தெரியும். அத்தை சொல்லி வைத்திருந்த வரனும் தெரியும். மாமாவின் குரல் கம்மியிருந்ததை மகிழ்ச்சியில் தழுதழுக்கிறார் என்று எடுத்துக்கொண்டான்.

"கங்கிராஜுலேஷன்ஸ் மாமா! அப்பாகிட்டச் சொல்றேன்" என்றான்.

மச்சான் "செரீங்க கண்ணு" என்று வைத்துவிட்டார்.

ஷிப்ட் முடிந்து நான் உடன் வேலை செய்பவரின் வண்டியில் வீடு வந்து படுத்துவிட்டேன். கவின் அதற்கும் பிறகுதான் வந்தான். காலையில் ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டே, "மாமா நேத்துக் கூப்பிட்டாங்கப்பா. பெரிய காரியமாம். நித்யாவுக்கு முடிஞ்சிருச்சு போல" என்றான். பெரிய காரியம் என்பது எனக்கு உறைத்திருக்க வேண்டும். ஆனால் அவன் சிரித்துக்கொண்டு சொன்னான். பெரிய விஷயம் என்பதைத்தான் இப்படிச் சொல்கிறான் என்று நானும் சிரித்துக்கொண்டே கூப்பிட்டேன். அங்கே திங்கள் இரவாகத் தொடங்கியிருந்தது.

"என்னுங்க மச்சான், எங்களுக்குச் சொல்லாமயே முடிச்சுப்போட்டீங்களா? மாப்பிள்ளை எந்த ஊருங்க?"

பின்னணியில் தறிச் சத்தம் இல்லை. அதைத்தான் முதலில் கவனித்தேன். பெண்களின் அழுகுரல் கேட்டது.

"மாப்ள..." என்றார். "கவினு சொல்லலீங்களா? அக்கா போயிட்டாளுங்க மாப்ள. விடியறப்ப நெஞ்சு வலின்னா. ஆசுபத்திரிக்குக் கொண்டுபோறதுக்குள்ள முடிஞ்சுபோச்சு. நீங்க கெளம்பி ஏரோப்ளேன்ல இருப்பீங்கன்னுட்டுத்தான் திரும்பக் கூப்புடலீங்க."

என் முகத்தைப் பார்த்துக் கவின் எழுந்துவிட்டான். "என்னப்பா?"

"அத்தை செத்துப்போயிட்டாங்க."

"இல்லையே. மாமா பெரிய காரியம்னுதான் சொன்னாங்க."

"அதுக்கு அதுதான்டா அர்த்தம்."

அவன் கத்தியைத் தட்டில் வைத்தான். சத்தம் வராமல் வைத்தான்.

6

பெண்ணுக்குக் கடைசிச் சேலை பிறந்த வீட்டிலிருந்து வர வேண்டும். கோடி என்போம். உடன்பிறந்தவன் கொண்டுவந்து போர்த்திய பிறகுதான் எடுப்பார்கள். அக்காவுக்கு நான் ஒருவன்தான்.

"உங்க கோடி வராம எடுக்க மாட்டமுங்க. பொதங்கெழம வெள்ளன வரைக்கும் ஐஸ் பொட்டீல வெச்சிருக்கறம். வந்துருவீங்கல்ல?" என்றார் மச்சான்.

அன்று மாலை விமானம் ஏறினால் புதன் விடியலில் கோவையில் இறங்கலாம். டிக்கெட் கிடைத்தது. நித்யா கல்யாணத்தில் அக்காவுக்குக் கொடுக்க மலர் ஒரு பட்டுச்சேலை வாங்கி வைத்திருந்தாள். மடிப்புக் கலையாத அரக்கு நிறம். அதைப் பையில் வைத்தாள். எங்களிடம் ஒரே கார். விமான நிலையம் உள்ள நகரத்துக்கு அன்று பேருந்து இல்லை. முந்தைய மாலை மலைப்பாதையில் ஓடியதில் பேட்டரி வற்றி, இரவெல்லாம் இணைப்பில் இருந்தும் பாதியே ஏறியிருந்தது. வீட்டு இணைப்பில் அது நிரம்ப ஒரு பகல் போதாது. வழியில் சார்ஜ் செய்துகொள்ளலாம் என்று கிளம்பினோம். கவின் ஓட்டினான்.

பழைய டயர்களோடு இந்தப் பாதையில் பலமுறை போயிருக்கிறேன். வழியில் உள்ள ஊரை இந்தச் சார்ஜில் நிம்மதியாகத் தொட்டிருப்போம். அன்று, எதிர்க்காற்றில் டயர்கள் ஆலை எந்திரம்போல் இரைந்துகொண்டிருக்க, திரையில் மிச்ச தூரத்தின் எண் சாலையைவிட வேகமாகக் குறைந்தது. கவின் ஹீட்டரை அணைத்தான். வேகத்தைக் குறைத்தான். லாரிகள் எங்களைத் தாண்டிப் போயின. மூச்சுக்காற்று கண்ணாடியின் உள்பக்கம் உறைய, என் கைக்குட்டையால் அவன் பக்கம் துடைத்துக்கொண்டே வந்தேன்.

அந்த ஊரில் இரண்டு சார்ஜர்கள். ஒன்று வேலை செய்யவில்லை. மற்றதில் ஒரு வேன் நின்றது. அதன் சொந்தக்காரர் நிலைமையைக் கேட்டதும் உடனே கழற்றிக் கொடுத்தார், நல்ல மனிதர். ஆனால் குளிர்ந்துபோன பேட்டரி மின்சாரத்தைச் சொட்டுச் சொட்டாகத்தான் வாங்கியது. கவின் கையைக் கட்டிக்கொண்டு காருக்கு வெளியே நின்றான். உள்ளே வா என்று கண்ணாடியைத் தட்டினேன். வரவில்லை.

நாங்கள் விமான நிலையம் போய்ச் சேர்ந்தபோது பயணப் பெட்டிகளை வாங்கிக்கொள்ளும் கவுண்டர் மூடியிருந்தது. கெஞ்சினேன். விமானத்தின் கதவை அடைத்துவிட்டோம் என்றாள் அங்கிருந்த பெண். அடுத்தது மறுநாள். அதில் போனால் வியாழன்.

நாற்காலி வரிசையின் ஓரத்தில் நின்று மச்சானைக் கூப்பிட்டேன். விஷயத்தைச் சொன்னேன்.

"வியாழக்கெழம வரைக்கும் தாங்காதுங்க மாப்ள."

"தெரியுதுங்க."

"உங்க பெரியப்பா பையன் இங்கதான் இருக்கறாருங்க. அவிநாசில ஒரு சேலை எடுத்துட்டு வரச் சொல்லீட்டு... உங்க பேரச் சொல்லிப் போட்டுறட்டுங்களா?"

"போட்டுருங்க."

"அப்ப..." என்று நிறுத்தினார். அந்தச் சொல்லை நான்தான் சொல்ல வேண்டும்.

"எடுத்துருங்க மச்சான்" என்றேன்.

கவின் எனக்கு நேர் எதிரே பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். இந்த முறை யாரும் அவனுக்கு அர்த்தம் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

7

வியாழன் போய்ச் சேர்ந்தேன். எல்லாம் முடிந்து வாசல் கழுவப்பட்டிருந்தது. பந்தலில் ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். வருகிறவர்கள் ஒன்றும் பேசாமல் இரு கைகளையும் சேர்த்து நீட்டினார்கள், மச்சான் தொட்டார், நானும் பக்கத்தில் உட்கார்ந்து தொட்டேன். இரண்டு நாள் அதுதான் வேலை.

சேலையைப் பையிலிருந்து எடுத்தபோது யாரும் கை நீட்டவில்லை. கோடிக்கென்று கிளம்பியது, கோடியாகவில்லை. "குடுங்க மாமா, நான் கட்டிக்கறேன்" என்று நித்யா முன்னால் வந்தாள். "வேண்டாஞ் சாமி, கல்யாணமாகற புள்ள" என்று மச்சான் தடுத்துவிட்டார். அது என்னோடே திரும்பி வந்தது. இங்கே அலமாரியில் இருக்கிறது.

புறப்படும் நாளில், துக்கத்துக்கு வந்த ஒருவரிடம் மச்சான் சொல்லிக்கொண்டிருந்தார்: "எங்க மாப்ள பையன் கவினு, கனடாவுலயே பொறந்தவன். மொதல்ல துக்கங் கேட்டதே அவந்தானுங்க. நாஞ் சொன்ன ஒடனே, இங்கிலீசுல கண்டோலன்ஸ்ன்னான். வளர்த்தா அப்படி வளர்க்கோணுமுங்க."

என்னைப் பார்த்துத் தலையசைத்தார். நானும் அசைத்தேன்.

திரும்பி வந்ததும் விடுப்புக்கான படிவத்தை ஆலை அலுவலகம் திருப்பி அனுப்பியது. செய்தி கிடைத்த நாள் ஞாயிறு என்று எழுதியிருக்கிறீர்கள். இறப்புச் சான்றிதழில் திங்கள் என்று இருக்கிறது. இறப்பதற்கு முந்தைய நாள் செய்தி கிடைத்திருக்க முடியாது, திருத்தி அனுப்பவும். முதல் முறையாக ஒரு தேதியை அவர்கள் விருப்பப்படி திருத்திக் கொடுத்தேன். திங்கள் என்றே போட்டேன். யோசித்தால், எனக்குச் செய்தி கிடைத்தது திங்கள்தான்.

8

நான் ஊரிலிருந்து திரும்பியபோது பழைய டயர்கள் காரில் இருந்தன. பெரியவை கராஜில் தார்ப்பாய்க்கு அடியில். கவின் என்னை அழைக்க வந்திருந்தான், ஆங்கிலத்தில் பேசினான். மறுநாளும். வாரங்கள் போயின. மலரிடமும் ஆங்கிலம்தான். அப்பா, அம்மா என்ற இரண்டு சொற்கள் மட்டும் மிச்சம். கோபமோ என்று நினைத்தேன். "கோவமில்லீங்க. தப்பாப் பேசிப்போடுவம்னு பயப்படறான்" என்றாள் மலர். கோடையில் வேலை கிடைத்து வேறு ஊருக்குப் போய்விட்டான். மச்சான் கூப்பிடும்போதெல்லாம் கவினைக் கேட்பார். வேலையாக இருக்கிறான் என்பேன்.

அக்காவுக்கு வருஷம் திரும்பிய வாரம் கார் மேட்டில் சிக்கி, நான் நடந்து வந்ததை மலர் அவனுக்குச் சொல்லியிருக்கிறாள். சனிக்கிழமை தன் கருவிகளோடு வந்தான். தார்ப்பாயை விலக்கினான். முற்றத்தில் ஜாக்கி வைத்து ஒவ்வொரு சக்கரமாகக் கழற்றி, பெரியதை மாட்டத் தொடங்கினான். நட்டுகள் பனியில் விழாமல் நான் கையில் வாங்கிக்கொண்டேன்.

மூன்றாவது சக்கரத்தில் அவனிடம் சொன்னேன். மாமா இன்றுவரை நீ துக்கம் கேட்டதாகத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார், எல்லோரிடமும் பெருமையாகச் சொல்கிறார் என்று. அவன் முகம் லேசாகும் என்று எதிர்பார்த்தேன்.

"அது இன்னும் மோசம்" என்றான் ஆங்கிலத்தில். சற்றுக் கழித்து, "நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்?" என்றான்.

"ஒன்னுமே சொல்ல வேண்டாம் கண்ணு. நம்மூர்ல துக்கத்துக்குப் போனா யாரும் எதுவும் சொல்றதில்ல. ரெண்டு கையையும் சேர்த்து நீட்டோணும். அவங்க தொடுவாங்க. அவ்வளவுதான்."

அவன் ரெஞ்சைக் கீழே வைத்துவிட்டு யோசித்தான்.

"போன்ல எப்படிப்பா?" என்றான்.

ஒரு வருஷத்துக்குப் பிறகு கேட்ட தமிழ். அன்று போனில் மச்சானிடம் நான் மட்டும் என்ன சொல்லிவிட்டேன்?

"தெரியலடா" என்றேன்.

அவன் கையை நீட்டினான். அடுத்த நட்டுக்காக. கையுறை போட்டிருக்கவில்லை, விரல் நுனிகள் வெளுக்கத் தொடங்கியிருந்தன. நட்டை வைத்தேன்.

"உள்ள வா கண்ணு, மிச்சத்த அப்புறம் பாத்துக்கலாம்."

இன்னும் ஒரு சக்கரம் இருக்கிறது என்றான், ஆங்கிலத்தில்.